மைனஸில் ஓடிய ரவுண்டானா

போக்குவரத்துப் பொறியியல் படித்தவன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி: "அப்ப நம்ம ரவுண்டானா ஏன் சார் இப்படி இருக்கு?" அந்த ரவுண்டானாதான் என் முதுகலை ஆய்வேடு என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மணி நேரத்தில் அது எத்தனை வண்டிகளைத் தாங்கும்? இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1976ஆம் ஆண்டு விதிநூலில் இதற்குச் சூத்திரம் உண்டு. வண்டிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும் பகுதியின் அகலம், நீளம், நுழைவு அகலம், அப்படிக் குறுக்கிடும் வண்டிகளின் விகிதம். இவ்வளவுதான் வேண்டும். கார் 1, ஸ்கூட்டர் 0.75, பஸ் 2.8, மாட்டுவண்டி 4 முதல் 6 வரை என்று எடை வேறு போட்டு வைத்திருக்கிறார்கள். அகலம் 12 மீட்டர், நுழைவு 9, நீளம் 48, குறுக்கிடுபவை 70 சதவீதம். போட்டேன். மைனஸ் 1,05,056 என்று வந்தது. 0.7 போட வேண்டிய இடத்தில் 70 போட்டிருக்கிறேன். அதையும் கண்டுபிடித்தது நானில்லை, ஆய்வேட்டை டைப் அடித்த கடைக்கார அண்ணன். "ஏம்ப்பா, மைனஸ்ல வண்டி ஓடுமா?" திருத்தியதும் 3,606.

சூத்திரம் பழசு என்றார் கைடு. அடுத்து இடைவெளிக் கணக்கு. சுற்றி வரும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே எத்தனை விநாடி கிடைத்தால் வெளியே நிற்பவர் உள்ளே நுழைகிறார், எத்தனை விநாடி என்றால் வேண்டாமென்று விடுகிறார் என்று குறிக்க வேண்டும். ஜவுளிக்கடை மொட்டைமாடியில் கேமரா வைத்தேன். படம் முழுக்க ஒருவரும் எதையும் விடவில்லை. ஷேர் ஆட்டோ மூக்கை நுழைக்கிறது, சுற்றி வந்த பஸ் பிரேக் போடுகிறது. ஒரே ஒருவர் மட்டும் நின்றார். ஆவலாகப் பெரிதாக்கிப் பார்த்தால், போனில் பேசிக்கொண்டிருந்தார். கேமராவை எடுத்துக்கொண்டு திரும்பும்போது நானும் ஒரு டவுன் பஸ்ஸுக்கு முன்னால் பைக்கை நுழைத்துத்தான் வந்தேன்.

பிரிட்டனிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். நுழைகிறவர்கள் முட்டிக்கொண்டு வர, உள்ளே இருப்பவர்கள் வெளியேற வழியின்றி மொத்தச் சுற்றும் இறுகிவிடும். 1966 நவம்பரில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்று விதி வந்த பிறகுதான் இளகியது. 1980இல் அந்நாட்டு ஆய்வாளர் கிம்பர் தந்த புகழ்பெற்ற சூத்திரம், அந்த விதிக்குக் கட்டுப்பட்டு நிற்கிறவர்களை அளந்து எழுதியது. அதை என் ரவுண்டானாவில் பொருத்திப் பார்த்த கதையை விட்டுவிடுகிறேன்.

கடைசியில் கணினி சிமுலேஷன். திரையில் கார்கள் நின்றன, வழிவிட்டன, சீராக நுழைந்தன. பெருமையாகக் கைடைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "எல்லாம் ஏம்ப்பா அப்பிரதட்சிணமா சுத்துது?" என்றார். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான அமைப்பை நான் மாற்றவே இல்லை.

ஆய்வேடு எப்படியோ தேறிவிட்டது. "விட்ட இடைவெளி" என்ற கட்டம் மட்டும் இன்னும் காலி. எங்காவது ஒரு ரவுண்டானா வாசலில் யாராவது நின்று, வழிவிட்டு, பிறகு நுழைவதைப் பார்த்தால் தயவுசெய்து எனக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது.