உயரம் போதும், ஏறு!

மொன்றியலின் லா ரோண்ட் பூங்காவில் 'லெ மோன்ஸ்த்ரு' என்ற மர ரோலர் கோஸ்டர் 1985 முதல் சுமார் 40 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. வாசலில் பிள்ளையின் உயரத்தை அளப்பார்கள். பாதுகாப்புக் கம்பி உடம்பைப் பிடிக்குமா என்று பார்க்கத்தான். அதே நகரின் பியர்ஃபோன்ட்ஸ் பகுதிப் பெற்றோர் சிலருக்கோ அதுவே தைரியச் சான்றிதழ். "மாமா வீட்டுப் பெடியன் ஏறிட்டான், உனக்கென்ன?" என்பது அடுத்த தகுதித் தேர்வு. பழகினால்தானே பயம் தெளியும் என்பீர்கள். தெளியும்தான், பிள்ளை தானாகக் கேட்டு ஏறினால். வற்புறுத்தி ஏற்றினாலோ நடுவழியில் இறங்க வழியில்லை. சங்கிலி உச்சிக்கு இழுத்துவிட்டால் மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். டிக்கெட் காசு வீணாகுமே என்பது இன்னொரு வாதம். உள்ளதில் நேர்மையானதும் இதுதான். அப்படியானால் அப்பா ஏறலாம். அவருக்கு உயரம் தாராளம். நாரிநோவுதான் அன்றைக்கென்று பார்த்து வந்துவிடும்.