மயங்க மறுக்கும் மேற்பார்வையாளர்

டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “ஸ்ப்ரே அடிச்சுப் பண்ணிடலாமா, இல்ல லேசா மயக்கம் குடுத்துப் பண்ணட்டுமா?” காபியில் சர்க்கரை போடலாமா என்று விசாரிக்கிற தொனியில் கேட்டுவிட்டு அவர் அடுத்த ஃபைலைத் திறந்துவிடுகிறார். கேட்கப்பட்டவர் ஐம்பத்தைந்தைக் கடந்த குடும்பத் தலைவர். நெஞ்செரிச்சலை ஜெலுசிலும் ஓமவாட்டரும் கொடுத்துப் பல வருடம் சமாளித்து வந்தவர். வியாழக்கிழமை எண்டோஸ்கோப்பி என்று தேதி குறித்தாகிவிட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. மருந்துக்கடைக்காரரிடம் கேட்கிறார். எல்.ஐ.சி. ஏஜெண்டிடம் கேட்கிறார். வாட்ச்மேனின் மாமனாருக்குப் போன வருடம் டியூப் விட்டுப் பார்த்தார்கள் என்று தெரிந்ததும், அந்தப் பெரியவரை வரவழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்கிறார். நியூஜெர்சியிலிருந்து மகன், “அப்பா, இங்க எல்லாருக்குமே மயக்கம் குடுத்துத்தான் பண்றாங்க” என்கிறான். கூடப் படித்தவர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர், “ஸ்ப்ரேயே போதும்டா, நான் முடிச்சிட்டு நேரா ஆபீஸ் போனேன்” என்கிறார். இரண்டையும் கேட்டபின் அவருக்கு மூன்றாவதாக ஒரு சந்தேகம் முளைக்கிறது. இரவு பதினொன்றரைக்கு மனைவியை எழுப்பி, “ஏம்மா, மயக்கம் குடுத்தா எப்பத் தெளியும்?” என்கிறார். “மொதல்ல தூங்குங்க. தெளியறதப் பத்தி அப்புறம் பேசலாம்” என்று அந்த அம்மாள் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

இவரைப் பயந்தாங்கொள்ளி என்று முத்திரை குத்திவிட்டு நகர்வது சுலபம். உறவினர்கள் அதைத்தான் செய்கிறார்கள். சாட்சியங்களை அடுக்கிப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. வீடு கட்டியபோது தளம் போடும் நாளில் காலை ஆறு மணி முதல் குடையோடு நின்று ஒவ்வொரு சட்டி கலவையையும் எண்ணியவர் இவர். மகள் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் இவரைத் தேடியபோது சமையற்கட்டில் முந்திரிப்பருப்பு டின்னுக்குப் பக்கத்தில் இருந்தார். குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவரின் தலைக்கு மேல் டார்ச் பிடித்துக்கொண்டு, அவர் கேட்காத ஸ்பானரை எடுத்து நீட்டுவார். தன் சொத்து எல்லைக்குள் நடக்கும் எந்த வேலையும் தன் பார்வை படாமல் ஒழுங்காக முடியாது என்பது இவருடைய சித்தாந்தம். நாகர்கோவில் போகும் இரவுப் பேருந்தில் டிரைவர் யாரென்று பாராமல் குறட்டை விட்டுத் தூங்குவார், பேருந்து அவருடையதல்ல. வயிறு அவருடையது. ஆயுளில் முதல்முறையாகத் தன் சொந்த எல்லைக்குள் நடக்கப்போகும் ஒரு வேலைக்கு, பக்கத்தில் நிற்க வழியில்லை. அவரை வாட்டுவது இதுதான், டியூபும் இல்லை, மருந்தும் இல்லை.

டாக்டர் முன்வைக்கும் வழிகள் ஒவ்வொன்றையும் அவர் நிராகரிக்கும் காரணங்களே இதற்குச் சான்று. முதல் வழி ஸ்ப்ரே. லிக்னோகெய்ன் என்ற மருந்தைத் தொண்டையில் அடிப்பார்கள்; கசக்கும், மரத்துப்போகும், எச்சில் விழுங்குவதுகூட யாரோ விழுங்குவதாகத் தோன்றும். இடது பக்கமாகப் படுக்கவைத்து, பற்களுக்கு நடுவே ஓட்டையுள்ள பிளாஸ்டிக் வளையம் ஒன்றை வைத்து, அதன் வழியே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள டியூபை இறக்குவார்கள். மூச்சுக்குழாய் தனி என்பதால் மூச்சு தடைபடாது. ஐந்து, பத்து நிமிட வேலை. திரை தெரிகிற மாதிரி இருந்தால் தன் இரைப்பையைத் தானே நேரலையில் பார்க்கலாம். மேற்பார்வையாளருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் வாயில் வளையம் இருக்கிறது. பார்க்கலாம், குறை சொல்ல முடியாது! அப்படிப்பட்ட மேற்பார்வையை அவர் மேற்பார்வையாகவே ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாவது வழி மிடசோலம் ஊசி. இதில் ஆள் முழுதாகத் தூங்கிவிடுவதில்லை. கூப்பிட்டால் முனகுவார், திரும்பச் சொன்னால் திரும்புவார், ஆனால் நடந்ததில் பெரும்பகுதி பின்னால் நினைவில் நிற்காது. அதாவது, ஸ்தலத்தில் ஆஜராகியிருப்பார், பதிவேட்டில் கையெழுத்து இருக்காது. மூன்றாவது புரோபோஃபால். சோயா எண்ணெயிலும் முட்டை லெசித்தினிலும் கலக்கப்பட்டதால் பாலைப் போல் வெளுத்திருக்கும் இந்த மருந்து கையில் ஏறியதும் ஆள் அயர்ந்துவிடுவார். நிறுத்திய சில நிமிடங்களில் விழித்துவிடுவார். இதற்கு மயக்க டாக்டர் தனியாக ஒருவர் வந்து நிற்பது வழக்கம். அந்த மயக்க டாக்டரை யார் கவனிப்பார்கள் என்று இவர் கேட்கிறார். லேசான மயக்கத்திலிருந்து முழு மயக்கம் வரை அமெரிக்க மயக்கவியல் சங்கம் நான்கு படிகள் வகுத்திருக்கிறது. இவர் தேடுவது ஐந்தாவது படி: உடம்பு தூங்க வேண்டும், வலி தெரியக் கூடாது, கண் திறந்திருக்க வேண்டும், நடுவில் “ஒரு நிமிஷம், அது என்ன?” என்று கேட்கும் வசதியும் வேண்டும்.

மயக்க மருந்தில் உயிராபத்து உண்டே, அதைக் கேட்பது குற்றமா என்று வாதிடுவார்கள். குற்றமில்லை. மூச்சு மந்தப்படும், ரத்த அழுத்தம் இறங்கும். மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்து இருக்கிறது, புரோபோஃபாலுக்கு அப்படியொன்று இல்லை. மைக்கேல் ஜாக்சன் 2009 ஜூன் 25 அன்று இறந்தது இதே புரோபோஃபாலால்தான் என்ற செய்தியை இவரும் ஆயுதமாக வைத்திருக்கிறார். அந்த மருந்து ஆஸ்பத்திரியில் ஏறவில்லை, வீட்டுப் படுக்கையறையில், தூக்கத்துக்காக, வேண்டிய கண்காணிப்பு இல்லாமல் ஏறியது என்பதையும், கொடுத்த டாக்டர் 2011-இல் தண்டனை பெற்றார் என்பதையும் அவர் படித்ததில்லை. அதுவாவது போகட்டும். உயிருக்குத்தான் பயம் என்றால், உயிரைக் காக்கும் தகவல்களை அவராகவே கொட்டியிருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. “குறட்டை உண்டா?” என்று நர்ஸ் கேட்டால் “அப்படியெல்லாம் இல்லீங்க” என்கிறார், அடுத்த அறையில் படுப்பவர்களுக்குத்தான் தெரியும் உண்மை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு மயக்க மருந்தின் அளவும் கவனிப்பும் வேறு. “தண்ணி போடற பழக்கம்?” “எப்பவாவது, விசேஷத்துல.” வருடத்தில் எத்தனை விசேஷம் என்று நர்ஸ் கேட்பதில்லை. ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்று சொல்லி அனுப்பியும், விடியற்காலையில் அரை டம்ளர் காபி உள்ளே போயிருக்கிறது. பால் கலந்த காபி சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் விபரீதம். இவர் அதைச் சொல்லமாட்டார். மயக்க டாக்டர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பதை மட்டும் துல்லியமாக விசாரித்து வைத்திருப்பார்.

வலிக்கும் குமட்டலுக்கும் பயந்துதான் என்று சொன்னாலும் வாதம் நிலைக்காது. 1868-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் அடோல்ஃப் குஸ்மௌல் என்ற மருத்துவர், வளையாத உலோகக் குழாயை மனித வயிற்றுக்குள் இறக்கிக் காட்ட ஆள் தேடியபோது, வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் குழாயின் காலத்தில் பயந்திருந்தால் நியாயம். இழை ஒளியியலால் குழாய் முழுதாக வளையக் கற்றுக்கொண்டது; அந்த இழைக்கற்றை ஆய்வில் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியின் பங்கு பெரிது. 1957-இல் பாஸில் ஹிர்ஷோவிட்ஸ் தன் புதிய வளையும் கருவியை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்துக்கொண்டார். (நம்மவர் வணங்கத்தக்க ஒரே டாக்டர் அவராகத்தான் இருக்க வேண்டும், வேலை செய்தவரும் அவரே, கூட நின்றவரும் அவரே.) இன்று வட ஐரோப்பிய நாடுகளில் ஏராளமானோர் தொண்டை மருந்தோடு எழுந்து போகிறார்கள், அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லோரும் மயங்குகிறார்கள். இரு பக்கத்துத் தொண்டைகளுக்கும் வித்தியாசமில்லை, வழக்கத்தில்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு, வயதானவர்கள் இளைஞர்களைவிட ஸ்ப்ரேயை நன்றாகத் தாங்குகிறார்கள் என்பதும், முன்கூட்டியே அதிகம் பதறுகிறவர்களே அதிகம் குமட்டுகிறார்கள் என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நம்மவர் வயதால் பெற்ற சலுகையை விசாரணையால் இழக்கிறார்.

கொஞ்சம் கனமான ஆட்சேபம் ஒன்றும் இருக்கிறது. மயங்கிக் கிடக்கும்போது சொன்னதை விட்டு வேறெதையாவது செய்துவிட்டால்? இது வெறும் கற்பனையல்ல. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் கேட்டுவிட்டுப் பெரிய அறுவை சிகிச்சையே செய்துவிட்ட வழக்கில், பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஆகவே சம்மதப் படிவத்தை வரி வரியாகப் படிக்க இவருக்கு முழு உரிமை உண்டு. படிக்கிறாரா? கவுன்டரில் நீட்டிய தாளில், பேனா எழுதுகிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுகிறார். வாசகங்களை மேற்பார்வையிட்டு அவருக்குப் பழக்கமில்லை, ஆட்களைத்தான் பழக்கம். மயக்கத்தில் உளறிவிடுவோமோ என்ற கவலையும் அவருக்குள் ஓடுகிறது. முத்திரைத்தாள் மோசடியில் சிக்கிய தெல்கியை நார்கோ சோதனையில் பேசவைத்த காட்சிகளை டி.வி.யில் பார்த்த தலைமுறை அவருடையது. அங்கே கொடுத்த மருந்து வேறு, நோக்கம் வேறு. ஒருவர் சம்மதமில்லாமல் அப்படிச் சோதிக்கக் கூடாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாயில் வளையமும் தொண்டையில் டியூபும் இருக்கும் மனிதர் எந்த ரகசியத்தை வெளியிட முடியும்? தம்பிக்குத் தெரியாமல் போட்ட ஃபிக்சட் டெபாசிட் பத்திரமாகவே இருக்கும்.

எல்லா நோயாளிகளும் இப்படியா என்றால், இல்லை. அரசு மருத்துவமனையில் ஸ்கோப் அறைக்கு வெளியே பெஞ்சில் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் இந்த ஜாதியை அபூர்வமாகத்தான் காண முடியும்; அங்கே பெரும்பாலும் ஸ்ப்ரேதான், பெயரைக் கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாவிட்டால் கேட்க வேண்டும். பெண்களிடம் கவலை உண்டு, திசை வேறு. மயக்கம் வாங்கினால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான தாளில் கையெழுத்துப் போடக் கூடாது, கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று நர்ஸ் சொன்னதும், ராத்திரிச் சமையலுக்கு யார், பேத்தியைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, “ஸ்ப்ரேயே அடிச்சிருங்க டாக்டர்” என்று முடித்துவிடுகிறார்கள். அதைத் தைரியம் என்று மெச்சுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த 24 மணி நேரத்தை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நம்மவர் நடுவழியைத் தேர்ந்தெடுக்கிறார்: மிடசோலம். முழுசாகத் தூங்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம், விழித்திருந்து அவஸ்தைப்படவும் வேண்டாம். ஊசி ஏறும்போது திரையை நோக்கித் தலையைத் திருப்பிவைத்துக்கொள்கிறார். அடுத்த கணம் வெளி அறைக் கட்டிலில் இருக்கிறார். “எப்ப ஆரம்பிப்பாங்க?” என்று மனைவியைக் கேட்கிறார். முடிந்துவிட்டது என்கிறார் அவர். “பயாப்ஸி எடுத்தாங்களா?” எடுத்தார்கள். இரண்டு நிமிடம் கழித்து, “எப்ப ஆரம்பிப்பாங்க?” மருந்து இன்னும் புதிதாக எதையும் நினைவில் பதியவிடவில்லை. இதே கேள்வியும் இதே பதிலும் சளைக்காமல் சுற்றி வருகின்றன. இந்த நிலையில் இருப்பவரிடம் விளக்கிப் பயனில்லை என்பதால் டாக்டர் கூட வந்தவரைத்தான் அழைக்கிறார். அந்த அம்மாள் உள்ளே போகிறார், கதவு சாத்தப்படுகிறது, வெளியே வருகிறார். வண்ணப்படங்களோடு அறிக்கை கையில் இருக்கிறது. அதில் இரைப்பைக் கீழ்ப்பகுதியில் லேசான அழற்சி என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. வாயால் சொன்னவை எழுத்தில் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு காபி என்று டாக்டர் சொன்னதாக மனைவி சொல்கிறார். ராத்திரி எட்டு மணிக்குமேல் சாப்பாடு கிடையாதாம். ஊறுகாய் அறவே கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் மனசு லேசாகி வயிறும் அடங்கும் என்றுகூடச் சொன்னாராம். “டாக்டரா அப்படிச் சொன்னார்?” என்று அவர் மூன்றாம் நாள் தெளிவாக, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார். “நீங்களும் பக்கத்துலதானே படுத்திருந்தீங்க, காதுல விழலையா?” என்கிறார் மனைவி.