செருப்பு ஸ்டாண்டும் கோட்டின் கனமும்: ஓர் ஆய்வு

வீட்டிலேயே செருப்பு ஸ்டாண்டு செய்யத் துணிவோர், ரம்பத்தைத் தொடுமுன் வரையும் திட்டப்படங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சான்றுகள் மூன்று படங்கள். மூன்றும் ஒரே கையால் ஆனவை. அந்தக் கை என்னுடையது என்பதால் நடுநிலை குறித்து ஐயம் எழலாம். எழட்டும்.

முதல் படம் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் உள்ளது. அன்றைக்குச் சந்திராஷ்டமம் யாருக்கு என்று முன்பக்கம் தெளிவாகவே சொல்லியிருந்தும், ஆய்வாளர் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது படம் கல்யாணப் பத்திரிகை உறைமேல். அளவுகளில் மாற்றமில்லை, ஸ்டாண்டின் தலையில் ஒரு பூத்தொட்டி மட்டும் புதிதாக முளைத்திருக்கிறது, நிழலெல்லாம் கொடுத்து. திட்டமிடுகிறோம் என்று நாம் செலவழிக்கும் பொழுதில் பெரும்பகுதி இந்தப் பூத்தொட்டிக்கே போகிறது என்பது என் துணிபு.

இனி அளவைக்கு வருவோம். எட்டு யவம் ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம் என்பது மயமதம் என்னும் பழைய சிற்பநூலின் கணக்கு. நம் ஆசாரிமார் ஓர் இன்ச்சை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். ரம்பம் ஒரு வெட்டுக்குத் தின்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரம்பத்துக்குப் பசிக்கும் என்று இரண்டு படங்களிலும் குறிப்பில்லை.

ஆனால் மூலக் குற்றவாளி யூக்ளிட். கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது என்று சுமார் கி.மு. 300இல் அவர் வரையறுத்துவிட்டுப் போனார். காகிதத்தில் பக்கப்பலகை வெறும் கோடு. பிளைவுட் கடையில் அது 19 மில்லிமீட்டர், அதாவது முக்கால் இன்ச். கதவோரத்து இடம் 36 இன்ச். தட்டுகளையும் 36 இன்ச்சாகவே அறுத்தாயிற்று. இருபுறமும் பலகை வைத்து ஸ்க்ரூ முடுக்கியதும் ஸ்டாண்டு 37½ இன்ச். சுவர் நகரவில்லை.

பார்க்க வந்த ஆசாரி டேப்பை வெளியே எடுக்கவேயில்லை. "பலகைக் கனத்தைக் கழிக்கலியே சார்" என்றார், காதிலிருந்த பென்சிலைத் தடவியபடி.

மூன்றாவது படத்தில் ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு கோடு. ஸ்க்ரூவைக் கழற்றி, தட்டுகளில் ஒன்றரை இன்ச் அறுத்தால் முடிந்தது. அந்த ஒரு நூலைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் ரம்பத்துக்கு விடுவது என்பதில் ஆய்வு தற்போது நிற்கிறது. ஸ்டாண்டு பால்கனியில் இருக்கிறது. மேலே ஒரு பூத்தொட்டி, இரண்டாம் படத்தில் கண்டபடியே.