பறவை நோக்குநரை நோக்குதல்: ஒரு கள ஆய்வு

பறவைகளைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். பறவை பார்க்கக் கிளம்பிப் போகிறவர்களைப் பற்றித்தான் முறையான ஆய்வு இல்லை. அக்குறையைக் களைய முற்படும் இக்கட்டுரை, சென்னைப் பெருநகரப் பகுதியில் காணப்படும் ஓர் இனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இவ்வினத்தின் ஆண், நாற்பது வயதையொட்டித் தென்படத் தொடங்கும். வீட்டுக்கடன் பாதி அடைந்திருக்கும். பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும். பெண் நோக்குநர்களும் உண்டு. ஆனால் அவர்கள் வாங்கிய பொருளை ஒளித்து வைப்பதில்லை என்பதால் ஆய்வாளருக்கு அங்கே வேலை குறைவு.

வாழிடம்: பள்ளிக்கரணைச் சதுப்புநில ஓரம், பெரும்பாக்கம் ஏரி, விடுமுறை நீண்டால் வேடந்தாங்கல். பருவம்: நவம்பர் முதல் மார்ச் வரை. வலசைப் பறவைகள் வரும் இதே மாதங்களில்தான் அரையாண்டுத் தேர்வு, தை மாதக் கல்யாணங்கள், அலுவலகத்தில் வருமான வரிச் சலுகைக்கான ரசீதுகளைக் காட்டும் சடங்கு ஆகிய யாவும் வருகின்றன. இயற்கையின் இந்த ஏற்பாட்டில் குடும்பஸ்தர் நலன் கருதப்பட்டதாகத் தெரியவில்லை. நேரமும் அப்படியே. வலசை வந்திருக்கும் ஆறுமணிக்குருவி குரல் கொடுப்பது விடியலிலும் அந்தியிலும். ஞாயிறு விடியலிலோ கறிக்கடை வரிசை, தண்ணீர் லாரி இரண்டுக்கும் வீட்டில் ஓர் ஆள் தேவைப்படுகிறது.

இனி நிதிநிலை. “பறவை பார்க்கக் காசா பணமா?” என்பதே இவ்வினத்தின் தொடக்கக் கூவல். முதல் கட்டத்தில் அது உண்மையும்கூட. 8x42 எனப் பொறித்த ஒரு பைனாகுலர் போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முகப்புக் கண்ணாடி 42 மில்லிமீட்டர். 42-ஐ எட்டால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் வரும்: 5.25 மில்லிமீட்டர். விடியலின் அரை வெளிச்சத்துக்கு அது தாராளம். சில ஆயிரங்களில் முடியும் இச்செலவை வீட்டு நிதியமைச்சகம் விவாதமின்றி நிறைவேற்றிவிடுகிறது.

கெடுதி வாட்ஸப் குழுவில் தொடங்குகிறது. யாரோ ஒருவர் சங்குவளை நாரையின் இறகு இழை இழையாகத் தெரியும்படி ஒரு படம் போடுகிறார். அடுத்த சம்பளத்துக்குள் 150-600 லென்ஸ் வந்தாக வேண்டும். எடை ஏறத்தாழ இரண்டு கிலோ. விலை லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். இங்கேதான் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ கைகொடுக்கிறது. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டித் தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாக முன்கூட்டியே கழித்துவிடுவதால் வட்டியே இல்லாதது போல ஒரு தோற்றம். ஆனால் வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி வாங்கியவர் தலையில்தான். பல வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் உண்டு. நாரையின் இறகை எண்ணத் தெரிந்தவர் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டில் இந்த வரியை மட்டும் பார்ப்பதில்லை.

ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இனிதான். மேற்படி வீடுகளில் கூர்மையான நோக்குநர் கணவர் அல்லர், மனைவி. தேர்ந்த பறவையாளர் நிறம் தெரியும் முன்பே, பறக்கும் வாகும் உட்காரும் தோரணையும் கண்டு இனம் சொல்லிவிடுவார். மனைவியின் முறையும் அதுவே. கூரியர் அலுவலக முகவரிக்குப் போயிருக்கிறது. பெட்டி குப்பைக்குப் போய்விட்டது. ஆனாலும் கணவர் கேட்காமலே பாத்திரம் கழுவுகிறார். மாமியார் ஊருக்குத் தாமே ரயில் டிக்கெட் எடுக்கிறார். சாப்பாட்டு மேசையில் வங்கிக் குறுஞ்செய்தி வந்து போன் அதிர்ந்ததும் ரசக் கரண்டியைப் போட்டுவிட்டு அதைக் கவிழ்த்து வைக்கிறார். இவ்வளவு போதும். பெருக்கும்போது பையைத் தூக்கிப் பார்த்து எடையை உறுதி செய்துகொள்வது வெறும் நடைமுறை.

பின்னர் எழுப்பப்படும் வினா பொருளியல் சார்ந்தது: “ஏங்க, அவசரம்னா இதை அடகு வைக்க முடியுமா?” இதே பணத்தில் வளையல் வாங்கியிருந்தால் எந்த அடகுக்கடையிலும் வாங்கிக்கொள்வார்கள். லென்ஸோ பெட்டியைப் பிரித்த நிமிடத்தில் ‘பழசு’ ஆகிவிடுகிறது. இவ்வாதத்துக்கு மறுப்பு இன்றுவரை எழுதப்படவில்லை.

பறவை, குடும்பம், பணம் மூன்றும் ஒத்துப்போகவே முடியாதா என்றால், முடியும். வேடந்தாங்கல் விவசாயிகள் அதைச் சாதித்துப் பல தலைமுறை ஆகிறது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனாலேயே ஊரார் பறவைகளைச் சுட வந்தவர்களை எதிர்த்து, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் எழுத்தில் உரிமை வாங்கிவைத்தார்கள். அரசு அதைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936-இல்தான். அங்கே பறவையால் வரவு. எண்பது கிலோமீட்டர் வடக்கே, அடுக்குமாடியில், அதே பறவையால் மாதத் தவணை. எச்சத்தின் அருமை தெரியாதவர்கள் இறகைப் படம்பிடிக்கக் கிளம்பியதன் விளைவு இது என்பதே என் துணிபு.

குடும்பத்தோடு சமரசம் நாடுவோருக்கு ஒரு தகவல். 2015 முதல் பொங்கலையொட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பல வீடுகளில் பெண்கள் கனுப்பிடி வைக்க விடியலிலேயே மொட்டை மாடிக்கு ஏறுவதும் அந்த நாட்களில்தான். கூடவே ஏறி, குறைந்தது 15 நிமிடம் நின்று, வந்த பறவைகளை எண்ணி ஈபேர்ட் செயலியில் பதிந்தால் போதும். கட்டணம் கிடையாது, லென்ஸ் வேண்டியதில்லை. பிடி சோற்றுக்கு வரும் காகமும் கணக்கில் சேரும்.