தடைப் பட்டியலும் வெடியுப்பும்

கேள்வி: ஐ.நா. பயங்கரவாதத் தடைகளைக் கண்காணிக்கும் நிபுணரின் வேலை என்ன? பட்டாசு வட்டாரத்துக்கு அதில் தொடர்புண்டா? (வாசகர், மல்லாங்கிணறு)

பதில்: பாதுகாப்பு சபையின் 1267-ஆம் தீர்மானம் 1999-ல் தாலிபானுக்குத் தடை விதித்தது, நிபுணர்களின் கண்காணிப்புக் குழு 2004-ல் அமைந்தது. சொத்து முடக்கம், பயணத் தடை, ஆயுதத் தடை ஆகியவை நாடுகளில் அமலாகின்றனவா என்று ஆராய்ந்து அறிக்கை தருவது அதன் வேலை. கைது செய்யும் அதிகாரம் கிடையாது, ஆதாரம்தான் ஆயுதம். பட்டியலில் பெயர் சேர்ப்பது சபையின் கமிட்டி, பணத்தை முடக்குவது அந்தந்த நாடு. இந்தியாவில் அதற்குச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு இருக்கிறது.

வெடிகுண்டு மூலப்பொருள்களைக் கவனிப்பது இன்னொரு ஏற்பாடு. உலக சுங்க அமைப்பின் ‘குளோபல் ஷீல்டு’ திட்டம் 14 வேதிப்பொருள்களின் போக்குவரத்தைக் கவனிக்கிறது. சிவகாசியின் அன்றாடச் சரக்கான வெடியுப்பும் அலுமினியப் பொடியும் அவற்றில் அடக்கம். மத்தாப்பு செய்பவர் மீது இதனால் சந்தேகம் இல்லை; மூட்டை வழிமாறாமல் இருக்க, கொள்முதல் பதிவேடு ஒழுங்காக இருந்தாக வேண்டும்.