கான்பூரில் கிடந்த லிபரேட்டர்கள்

கேள்வி: பழைய போர் விமானங்களைச் சரிசெய்ய இவ்வளவு பணத்தைக் கொட்ட வேண்டுமா? போட்டோ இருந்தால் போதாதா?
– வாசகர் ஒருவர், தாம்பரம்

பதில்: மாப்பிள்ளையின் போட்டோவோடு குடும்பம் நடத்த முடியுமா?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ‘லிபரேட்டர்’ குண்டுவீச்சு விமானங்களைப் பிரிட்டிஷார் கான்பூரில் விட்டுப் போனார்கள். சும்மா அல்ல, இனி யாரும் ஓட்டக் கூடாதென்று உடைத்துவிட்டு! இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் அங்கே போய், பறக்கும் அளவுக்கு மட்டும் அவற்றைத் தேற்றி, பெங்களூருக்கே ஓட்டி வந்து முழுதாகப் புதுப்பித்தார்கள். அந்த நெஞ்சுரத்தை எந்தப் போட்டோவில் பிடிப்பீர்கள்? நம் விமானப்படை 1968 வரை அவற்றைப் பயன்படுத்தியது.

18,000-க்கு மேல் தயாரான ரகம் அது. செய்த அமெரிக்காவே பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டது. பிறகு அருங்காட்சியகத்துக்கு ஒன்று வேண்டுமென்று தேடியபோது, பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்துக்கும் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பீமா விமான அருங்காட்சியகத்துக்கும் இந்தியாதான் கொடுத்தது. பழுது பார்த்தவன் கைதான் சரித்திரத்தைக் காப்பாற்றியது. அதற்குச் செலவழிப்பது வீண் அல்ல.

டெல்லியின் பாலம் பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் நிற்கிறது. குழந்தைகளோடு போய்ப் பாருங்கள்.