பொருள்: சேலம் ஜவ்வரிசிக்குப் பாக்கெட்டில் ஒரு மூலை கோரி

பெறுநர்: புவிசார் குறியீட்டுப் பதிவகத்தார் அவர்கள், கிண்டி, சென்னை.

அய்யா,

2023-ல் எங்கள் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு தந்தீர்கள். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஆலைக்காரர்களுக்கெல்லாம் சந்தோஷம். கேட்டு வாங்கித் தந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பெருமைதான். இனி சான்றிதழை எங்கே ஒட்டுவது என்பதுதான் கேள்வி.

சரக்கில் பெரும்பகுதி மூட்டை மூட்டையாக லாரியேறி வடக்கே போகிறது. நமக்குப் பாயசமும் வடகமும் போதும்; மகாராஷ்டிரத்தில் ஏகாதசி, நவராத்திரி என்றால் சாபுதானா கிச்சடி இல்லாமல் விரதமே இல்லை. மூட்டை பிரிந்து அரைக்கிலோ பாக்கெட் ஆனதும் அதற்கு வருகிற மவுசைப் பார்க்க வேண்டுமே! முத்துமாலை, தாமரை, குத்துவிளக்கு, தட்டு நிறையக் கிச்சடி, மேலே இரண்டு மல்லித்தழை. ஜவ்வரிசி பிறந்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கின் படத்தை மட்டும் காணோம். அதன் முகவெட்டு அப்படி, விட்டுவிடுவோம். சேலத்தின் பெயரையாவது போட்டிருக்கிறார்களா என்று திருப்பிப் பார்த்தால், பாக்கெட் போட்டவரின் விலாசம் இருக்கிறது.

போர்க்காலத்தில் மலேயாச் சரக்கு நின்றுபோனபோது, 1943 வாக்கில், மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் சேலத்தில் இந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு டிசைனர் யாரும் இல்லை. இருந்திருந்தால் முதல் வேலையாக ஊர் பெயரை மாற்றியிருப்பார்.

இன்னொன்று, பாக்கெட்டில் வைக்கிற கண்ணாடி ஜன்னல். அது வழியே சரக்கு பளீரென்று தெரிய வேண்டும். கிழங்கை அரைத்து, மாவைப் படியவைத்து, உருட்டி, வறுத்து, களத்து வெயிலில் காயவைத்த ஜவ்வரிசி சற்று மங்கலாகத்தான் இருக்கும். வெள்ளைக்குத்தான் விலை என்றதும் சில ஆலைகளுக்குள் வெளுப்பு ரசாயனம் நுழைந்தது. பின்னாலேயே உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்தார்கள். சோதனை, பறிமுதல், சீல். ஜன்னலுக்கு மட்டும் இதுவரை நோட்டீஸ் போகவில்லை.

புவிசார் குறியீட்டுக்கென்று 2018-ல் மத்திய அரசு அழகான லோகோ ஒன்று வெளியிட்டது. அதை எங்கள் பாக்கெட்டில் போட இடமில்லை என்பார்கள். தாமரைக்கு இடம் இருக்கிறது. ஆகவே, ‘சேலம்’ என்ற எழுத்து அந்த மல்லித்தழை அளவுக்காவது இருக்கும்படி ஆவன செய்யக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஆத்தூர் வட்டத்து மரவள்ளி விவசாயி.

இணைப்பு: ஜவ்வரிசி, அரைக் கிலோ. வெளுக்காதது. உறையில் படம் ஏதும் இல்லை.